நாம் போடும் இனிப்பும் நமக்குப் போடப்படும் இனிப்பும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து மறையூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பதற்குப் பெயர் பஞ்சசார. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறி வந்த எங்கள் பெரியம்மா வெள்ளையை அஸ்கா என்பார். ஒடிசாவில் அஸ்கா என்ற ஊரின் ஆலைச் சீனி ஒரு காலத்தில் இங்கே வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அது சீனி. டாக்டரிடம் போய்விட்டால் எல்லோருக்கும் 'சுகர்'. அங்கே சுகர் என்றால் நோய். இத்தனை பெயரும் வேண்டாம் என்று கேரளத்து டீக்கடைகள் ஒரே சொல்லில் முடித்துவிட்டன: "ஒரு வித்தவுட்."

இனிப்பு உடம்புக்குக் கெடுதலா, அதை அரசு கட்டுப்படுத்தலாமா என்று பேச்சு வரும்போதும் இதே குழப்பம்தான். ஒருவர் டீயில் போடும் இரண்டு ஸ்பூனை நினைத்துப் பேசுவார், இன்னொருவர் பாட்டில் பானத்தை நினைத்துப் பேசுவார், மூன்றாமவர் மாம்பழத்தையும் சேர்த்துத் திட்டுவார். அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கட்டுரையில் வெள்ளையைச் சீனி என்றும், பழுப்பை வெல்லம் என்றும், இரண்டுக்கும் பொதுவாகச் சர்க்கரை என்றும் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு மறையூரில் கரும்புக் காடு இருந்தது. ஆலையோட்டும் நாட்களில் பள்ளிக்கூட விடுமுறையென்றால் நாங்கள் அங்கேதான் கிடப்போம். கரும்பை மெஷினில் விட்டுப் பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் இறங்கும். அடுப்புக்கு விறகு, காய்ந்த கரும்புச் சக்கைதான். கொதிக்கக் கொதிக்கக் கறுத்த நுரை மேலே திரளும். நீண்ட கரண்டியால் அதை அள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். சில மணி நேரத்தில் சாறு பாகாகும். பதம் பார்க்கிறவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "இறக்கு" என்பார். மரத்தொட்டியில் கொட்டி, கிளறி ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிப்பார்கள். மறையூர் வெல்லத்தில் பிடித்தவரின் விரல் தடம் தெரியும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது அந்தக் கொப்பரைக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். சாற்றில் இருந்த தண்ணீர் போனது, மிச்சம் நின்றது பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற பொருள். சீனி ஆலையில் இதே சாற்றை இன்னும் சுத்தம் செய்து, படிகமாக்கி, பழுப்பு நிறம் தரும் பாகைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். ஆகவே சீனி ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்தில் அது 100-க்கு 65 முதல் 85 வரை இருக்கும். கூடவே 10, 15 பங்கு ஏற்கெனவே உடைந்த குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், மிச்சம் ஈரமும் கொஞ்சம் தாதுக்களும். சுக்ரோஸ் என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கை கோத்த ஜோடி. குடலில் இறங்கியதும் கை விட்டுப் பிரிந்துவிடும். எந்த நிறத்தில் உள்ளே போனாலும் இரத்தத்துக்கு வருவது இந்த இரண்டும்தான். வெல்லத்தின் மணமும் ருசியும் தனி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குளுக்கோஸ் கணக்கில் அதற்குத் தள்ளுபடி கிடையாது.

இதை எங்கள் வீட்டில் தாமதமாகத்தான் கற்றோம். பெரியம்மாவுக்குச் சுகர் வந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி குறையவே இல்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் "சீனி போடுறீங்களாம்மா?" என்று கேட்பார். "அஸ்காவைக் கையால தொடறதில்லைங்க சார்" என்பார் பெரியம்மா. சொன்னது சத்தியமான உண்மை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று டம்ளர் வெல்லக் காபி. யாரும் வெல்லத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது அவருக்கு 'நம்ம சர்க்கரை', மருந்து மாதிரி. ஆறு மாதம் இப்படியே ஓடியது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று எழுதி ஒட்டி, 'சுகர்காரர்களுக்கு நல்லது' என்று விற்கிற கடைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருவது இதனால்தான்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் 'ஃப்ரீ சுகர்ஸ்' என்ற வகையைப் பிரித்துச் சொன்னார்கள்; நான் அதைச் 'சேர்த்த சர்க்கரை' என்கிறேன். நாமோ சமையல்காரரோ தயாரிப்பாளரோ உணவில் போடும் எல்லாச் சர்க்கரையும் இதில் சேரும். தேனும் பழச்சாறும்கூடச் சேரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருப்பது சேராது. ஒரு நாளில் உடம்புக்குக் கிடைக்கும் மொத்தக் கலோரியில் இந்தச் சேர்த்த சர்க்கரை 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும், 5 விழுக்காட்டுக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்றார்கள். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 விழுக்காடு 200 கலோரி. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி என்பதால் 50 கிராம். பாதியென்றால் 25 கிராம். தலை தட்டிய டீஸ்பூனில் நாலைந்து கிராம் பிடிக்கும். ஆக, நாளுக்கு ஐந்தாறு ஸ்பூன் என்பது நல்ல எல்லை, பத்துப் பன்னிரண்டு என்பது கடைசி எல்லை. மூன்று டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் போட்டால் நல்ல எல்லை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஏன் விவாதம் என்று கேட்கலாம். விவாதத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மாரடைப்புக்குக் காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்று 1950-களிலும் 60-களிலும் ஆராய்ச்சியாளர்கள் மோதிக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் கொழுப்பைக் காட்டினார். பிரிட்டனின் ஜான் யட்கின் சர்க்கரையைக் காட்டினார். கீஸ் பக்கம் ஜெயித்தது, யட்கினைப் பலரும் ஒதுக்கிவைத்தார்கள். 1967-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் எழுதிய ஆய்வுத் தொகுப்பு, கொழுப்பின் மேல் பழியைப் போட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு என்பது 2016-இல்தான் பழைய ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. கொடுத்த தொகை 6,500 டாலர். ஐம்பது வருடப் பேச்சின் திசையைத் திருப்பியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டென்றால், அது மலிவான விலை. இதனால் கொழுப்பு நிரபராதி என்று ஆகிவிடாது. யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்று பார்க்காமல் முடிவை மட்டும் நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் சண்டையில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். பல் சொத்தையில் சண்டையே இல்லை. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அமிலம் பல்லை அரிக்கிறது. பாட்டில் பானங்களைப் பற்றியும் ஆதாரம் பலமாக இருக்கிறது. 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் ஒன்றிரண்டு முறை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, குடிக்காதவர்களையும் அரிதாகக் குடிப்பவர்களையும்விட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நாலு இட்லி சாப்பிட்டால் வயிறு போதும் என்கிறது; அதே கலோரியைக் குடித்தால் வயிறு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடும் குறைவதில்லை.

சண்டை நடப்பது ஃப்ரக்டோஸில். குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்லும் எரிக்கும். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதியைக் கவனிப்பது கல்லீரல். அளவு மீறி வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றிவைக்கிறது. கலிபோர்னியாவின் குழந்தை மருத்துவர் ராபர்ட் லஸ்டிக்கும் இரண்டு சகாக்களும் 2012-இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்கள்: மதுவைப் போலச் சர்க்கரைக்கும் வரி, வயது வரம்பு, விற்பனைக் கட்டுப்பாடு வேண்டும் என்று. எதிர்த்தவர்கள் சொன்னது: சோதனைகளில் கொடுத்த ஃப்ரக்டோஸ் யாரும் சாதாரணமாகச் சாப்பிடாத அளவு, சர்க்கரையின் கெடுதல் அது கொண்டுவரும் கூடுதல் கலோரியால்தான். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2013-இல் செய்த தொகுப்பில், சர்க்கரையைக் குறைத்தவர்களின் எடை சராசரியாக 0.8 கிலோ குறைந்தது. சர்க்கரைக்குப் பதில் அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தைக் கொடுத்தபோது எடையில் மாற்றம் இல்லை. எனக்கு இரண்டாவது தரப்பு கொஞ்சம் சரியாகப் படுகிறது. சர்க்கரையை விஷம் என்று கத்தினால் பொங்கல் வைக்கிற கையும் நடுங்கும், பாட்டில் விற்கிறவருக்கும் தப்பிக்க வழி கிடைக்கும்.

2024-இல் வந்த ஓர் ஆய்வு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சீனி ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. முடிந்தவுடன் மக்கள் சாப்பிடும் அளவு ஏறக்குறைய இரட்டித்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கழித்தவர்களை, அதற்குச் சற்றுப் பின்னால் பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரேஷன் பிள்ளைகளுக்கு, ஐம்பது அறுபது வயதில், நீரிழிவு வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அளவுக்கும் இரத்த அழுத்தம் 20 விழுக்காடு அளவுக்கும் குறைவாக இருந்தது. கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல எதுவும் இல்லை.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4. மறையூருக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான். எண்ணில் இவ்வளவு தூரம். அதே ஆய்வுக் குழு 2025-இல் சொன்னது: இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, பெரும்பகுதி வெள்ளைச் சோறும் அரைத்த தானிய மாவும். ஆக, தட்டில் சோற்று மலையை வைத்துக்கொண்டு டீயில் மட்டும் வித்தவுட் கேட்பது பாதி வைத்தியம். பெரியம்மா வெல்லத்தை நிறுத்தியதோடு சோற்றையும் ஒரு கரண்டி குறைத்த பிறகுதான் எண் இறங்கியது.

இனி சட்டத்துக்கு வருவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் டம்ளரில் நான் ஸ்பூனால் போடும் சர்க்கரை என் கண்ணுக்குத் தெரிகிறது. அதை நான் பார்த்துக்கொள்வேன், அங்கே அரசுக்கு வேலை இல்லை. எனக்குத் தெரியாமல் வேறொருவர் போட்டு, மூடி, படம் ஒட்டி என் பிள்ளைக்கு விற்கும் சர்க்கரை வேறு விஷயம். அங்கே சட்டம் வரலாம், வரவேண்டும்.

எப்படி வரலாம் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. மெக்சிகோ 2014 ஜனவரியில் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் வருடம் விற்பனை சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் 9 விழுக்காடு. 'வரி ஏழையைத்தான் அடிக்கும்' என்பவர்களும் 'அதிகம் பயன்பெறுவதும் ஏழைதான்' என்பவர்களும் இதே எண்ணைத்தான் காட்டுகிறார்கள். பிரிட்டன் 2018-இல் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 முதல் 8 வரை அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ். 8-ஐத் தொட்டால் 24. வரியைக் கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பது லாபம் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. 2015-க்கும் 2020-க்கும் இடையில் அந்தப் பானங்களின் சராசரிச் சர்க்கரை 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிட்டது. வாங்குகிறவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டிலுக்குள் இருந்தது மாறியது. இதில் ஒரு குறையும் உண்டு: சர்க்கரை போன இடத்தில் செயற்கை இனிப்பு வந்து உட்கார்ந்தது. எடை குறைக்க அதை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. சிலி நாடு 2016-இல் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது: 'சர்க்கரை அதிகம்'. முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்க முடியாது.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி: பக்கத்து ஊரில் வரி இல்லையென்றால்? டென்மார்க் 2011-இல் கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் போய் வாங்கினார்கள். 2013 தொடக்கத்தில் வரியை எடுத்துவிட்டார்கள். கேரளமும் 2016-இல், தாமஸ் ஐசக் நிதியமைச்சராக இருந்தபோது, பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 விழுக்காடு வரி போட்டது. நாடே பேசியது. அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்து அது கரைந்துபோனது. இனி இப்படி ஒரு வரியை ஒரு மாநிலம் தனியாகப் போடுவது நடக்காது, முடிவு தில்லியில்.

தில்லி என்ன செய்திருக்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் கோலா, சோடா வகைகளுக்கு 40 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது சர்க்கரையை அளந்து போட்ட வரி இல்லை. சர்க்கரை துளியும் இல்லாத டயட் பானத்துக்கும் அதே 40. பிரிட்டனில் நடந்ததுபோல் அளவைக் குறைக்கக் கம்பெனிக்கு எந்தத் தூண்டுதலும் இதில் கிடையாது. அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18-லிருந்து 5 ஆனது. கேஸ் நிரப்பாத பழக்கூழ் பானத்துக்கு 12-லிருந்து 5. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் சீனி கிலோ 25 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயித்தார்கள். வெளிக்கடை விலையைவிட அது நன்றாகக் குறைவு. பொங்கல் தொகுப்பிலும் பல வருடம் ஒரு கிலோ சீனி வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பண்டிகைக்கு இனிப்பு எல்லா வீட்டிலும் வேண்டும். ஆனால் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் அந்தக் கை இன்னும் தாராளமாக நீளவேண்டும்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லேபிள். பாக்கெட்டின் பின்னால் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை இரண்டையும் கிராமில் போடவேண்டும் என்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. நாள் அளவில் இத்தனை விழுக்காடு என்றும் போடுகிறார்கள். அது 50 கிராமை வைத்துப் போட்ட கணக்கு, 25-ஐ வைத்து இல்லை என்பதை நினைவில் வையுங்கள். முன்பக்கத்துக்கு நட்சத்திர மதிப்பீடு வைக்கலாம் என்று 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள்: கொஞ்சம் பழமோ நார்ச்சத்தோ சேர்த்தால் நட்சத்திரம் கூடிவிடும், சர்க்கரை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், சிலியைப் போல எச்சரிக்கையே வேண்டும் என்று. நானும் அந்தக் கட்சிதான். மால்ட் பவுடர் டப்பாக்கள் சிலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்று வகைப்படுத்தி விற்கக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னதே 2024 ஏப்ரலில்தான். அதுவரை எத்தனை தாய்மார்கள் சத்து என்று நம்பிப் பாலில் கலக்கியிருப்பார்கள்!

சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது: எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு போதும் என்று எழுதிய பலகை. பெரியம்மாவின் பேரன் ஏழாம் வகுப்பு. இந்தக் கணக்கை நான் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் மாம்பழ பானம் ஒன்று வாங்கினான், 200 மில்லி. பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தான்: 100 மில்லிக்கு 14 கிராம். கோலாவில் பத்துப் பதினொன்று இருக்கும். 5 விழுக்காடு வரியில் இருக்கும் பழ பானத்தில் அதைவிட அதிகம். இரண்டால் பெருக்கி 28 என்றான். வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டை எடுத்து, வெல்லத் தூளை ஐந்தரை ஸ்பூன் அளந்து கொட்டி, பக்கத்தில் காலி பாட்டிலை வைத்தான்.

"ஆத்தா, இதுக்குள்ள இவ்வளவு இருந்துச்சு."

பெரியம்மா தட்டைப் பார்த்தார், பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனையும் போட்டா நாலு பேருக்குப் பாயசமே வெச்சிருவேனே கண்ணு" என்றார்.